சின்னக் கல்லூரியும் மனம் என்ற பெரிய பாடமும்

சென்ற ஆண்டு சந்திப்பில், மதியப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, காக்னிட்டிவ் சயின்ஸ்னு ஒண்ணு இருக்காமே? மனசு எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கிறதாம். நம்மள மாதிரி சின்னக் காலேஜுல படிக்கிறவனுக்கு அதெல்லாம் எட்டுமா?"

அதற்குள் பாயசம் வந்துவிட்டது, பதில் நின்றுபோனது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அந்தக் கடனைத் தீர்க்க இது நல்ல வாய்ப்பு என்று தோன்றியது.

தமிழில் இதை அறிதல் அறிவியல் எனலாம். இதற்குப் பிறந்த நாளே உண்டு: 1956 செப்டம்பர் 11. அன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த கருத்தரங்கில் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி, உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், கணினியைத் தர்க்கம் செய்ய வைத்த நியூவெல், சைமன் ஆகியோர் தத்தம் ஆய்வுகளைச் சொன்னார்கள். எல்லாம் ஒரே கேள்வியின் துண்டுகள் என்று மில்லருக்குப் பட்டது. அந்த நாளையே இத்துறையின் பிறந்த நாள் என்று பின்னாளில் அவர் குறித்தார். 1979-ல் இதற்கென ஒரு சங்கமும் அமைந்தது.

சரி, இதை இளங்கலைப் பட்டமாக முதன்முதலில் வழங்கியது யார்? ஹார்வர்டா? எம்.ஐ.டி.யா? இரண்டுமில்லை. 1982-ல் நியூயார்க் மாநிலத்தின் வாஸர் கல்லூரி! இன்றும் அங்கே சுமார் 2,400 மாணவர்கள்தான். இதில் எனக்கு வியப்பில்லை. பெரிய இடங்களில் துறைக்குத் துறை தனிக் கட்டடம். சின்னக் கல்லூரியில் தத்துவமும் கணினியும் ஒரே கேன்டீனில் டீ குடிக்கும்.

நம் நாட்டில் 2002-ல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு மையம் தொடங்கப்பட்டது. ஆனால் இந்தக் கேள்வி நம் பக்கத்துக்கு அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது.

நான் டி. கல்லுப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்தவன். எங்கள் ஊரில் 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் பலருக்குத் தெரியும். ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம் அது. 1937-ல் காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்குத் திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். கைத்தொழில் வழியாகவே பிள்ளை கணக்கும் மொழியும் கற்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் சாரம். மனம் கை வழியாகவும் கற்கிறது என்ற நம்பிக்கை அது.

என் அப்பத்தா கதர் நூல் நூற்றவர். கைநாட்டு. எத்தனை சிட்டத்துக்கு என்ன கூலி என்று நொடியில் சொல்வார். அதே கணக்கை என் நோட்டில் எழுதிக் காட்டினால், "எனக்கென்னடா தெரியும்?" என்பார். நான் சிரிப்பேன்.

பல வருஷம் கழித்து ஓர் ஆய்வைப் படித்தேன். 1985-ல் வெளியானது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்கள், விற்கும்போது 98 சதவீதக் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி! படித்துவிட்டு வெகுநேரம் அப்பத்தாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்த எனக்குத்தான் அப்பத்தாவைத் தெரியவில்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அப்போது அவர் இல்லை.

தம்பி, உனக்கு என் பதில் இதுதான். பட்டத்தின் பெயரில் என்ன இருக்கிறது? நூலகத்தில் உளவியல் அலமாரியைத் திற. தமிழ்த் துறையில் போய் இலக்கணம் கேள். கணினியில் கைவை. வீட்டுப் பெரியவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று கூர்ந்து பார், சிரிக்காதே. தாராளமாக எட்டும்.

இந்த வருஷமும் பந்தியில் பக்கத்து இலை உனக்குத்தான். பாயசத்துக்கு முன்னாலேயே பேசிவிடுவோம்!