சார்பும் செயற்கூறும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'ஃபங்ஷன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. அங்கே அதன் பெயர் சார்பு. அதே பிள்ளை அடுத்த வருசம் கணினி அறிவியல் எடுத்தால் அங்கே அதன் பெயர் செயற்கூறு. வடகரையிலோ பண்பொழியிலோ தமிழ்வழியில் படிக்கிற ஒரு பிள்ளை, இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு தமிழாக்கங்கள் என்பதை யாராவது சொன்னால்தான் அறியும்.

இதில் மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் உண்மையிலேயே வெவ்வேறு பொருள்களாகத்தான் புழங்கிவந்தன. கணக்கில் சார்பு என்றால் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய இன்னோர் எண் வரும். இன்றைக்குக் கொடுத்தாலும் நாளைக்குக் கொடுத்தாலும் அதே விடை. சி மொழியில் செயற்கூறு அப்படியில்லை. அது திரையில் எழுதும், கோப்பை அழிக்கும், எங்கோ இருக்கிற மாறியின் மதிப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வரும். ஒரே உள்ளீட்டுக்குக் காலையில் ஒரு விடை, சாயங்காலம் ஒரு விடை தரும். சார்பு விடை தருவது, செயற்கூறு வேலை செய்வது. பெயர்கள் சரியாகவே அமைந்திருக்கின்றன.

இந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்க முடியுமா என்று பார்த்த முயற்சிக்குத்தான் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று பெயர். தமிழில் சார்பு நிரலாக்கம் எனலாம். ஏறக்குறைய தொண்ணூறு வருசக் கதை. அதன் ஒரு கிளை நம் சென்னை வழியாக ஓடுகிறது.

தொடக்கம் கணினிக்கும் முந்தையது. 1930-களில் பிரின்ஸ்டனில் இருந்த அலோன்சோ சர்ச், கணக்கிடுதல் என்றால் என்ன என்ற கேள்விக்கு லாம்டா கால்குலஸ் என்ற குறியீட்டு முறையை உருவாக்கினார். அதில் சார்புகளைத் தவிர வேறெதுவும் இல்லை. 1936-இல் ஆலன் டூரிங் அதே கேள்விக்கு வேறு வழியில் வந்தார். நாடாவில் எழுதி அழித்து முன்னும் பின்னும் நகரும் ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார். இரண்டும் சம வலிமை கொண்டவை என்று நிறுவப்பட்டது. ஆனால் நடைமுறையில் கணினிகள் எழுதி அழிக்கும் வழியில்தான் கட்டப்பட்டன. நிரல் மொழிகளும் அந்த இயந்திரத்தைப் பார்த்தே வளர்ந்தன.

அதனால்தான் சி படிக்கத் தொடங்குகிற எவருக்கும் முதல் வாரத்தில் ஒரு முள் தைக்கும். எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று. எட்டாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் வாத்தியார் தலையில் குட்டியிருப்பார். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்காது. கணினி ஆசிரியர், "அதைச் சமன்பாடா பாக்காதே, எக்ஸ்ங்கறது ஒரு பெட்டி, உள்ளே இருக்கிறதை எடுத்து ஒண்ணு கூட்டி மறுபடி உள்ளே போடுறோம்" என்பார். நாமும் தலையாட்டிவிட்டு, கணக்கு வகுப்பில் கற்றதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவோம்.

கழற்றி வைக்க வேண்டியதில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஜான் மெக்கார்த்தி 1958-இல் எம்.ஐ.டி.யில் லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். எடின்பரோவில் ராபின் மில்னரின் குழு 1970-களில் எம்.எல். மொழியை உருவாக்கியது. ஆனால் பெரிய அதிர்ச்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1957-இல் ஐ.பி.எம்.மில் ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பாக்கஸ், 1977-இல் டூரிங் விருது ஏற்புரையில், தானே முன்னோடியாக இருந்த பாணியைக் கேள்வி கேட்டார். இப்போதைய மொழிகள், ஒரு சமயத்தில் ஒரே ஒரு சொல்லை நினைவகத்துக்கும் செயலகத்துக்கும் இடையே தள்ளிக்கொண்டிருக்கின்றன, நம் சிந்தனையும் அந்தக் குறுகிய குழாய்க்குள் சிக்கிவிட்டது என்பது அவர் வாதம்.

அந்தக் குழாயைப் புரிந்துகொள்ளத் தென்காசிப் பக்கத்துக் குளங்களைப் பார்த்தால் போதும். மேக்கரையில் அடவிநயினார் அணை அனுமன் நதியின் தண்ணீரைத் தேக்குகிறது. கீழே கால்வாய், குளம், மடை, வயல். ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். அடுத்த குளம் தன் பங்கு வந்ததும் நிரம்பத் தொடங்கும். யாருடைய உத்தரவுக்கும் அது காத்திருப்பதில்லை. இரண்டு கால்வாய்களில் தண்ணீர் வந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாயும். இப்போது எல்லாக் குளத்தையும் ஒரே ஆள் ஒரே வாளியால் ஒவ்வொன்றாக நிரப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கணினி அந்த வாளிக்காரர்தான். மிக மிக வேகமான வாளிக்காரர், அவ்வளவே.

குளங்களைப் போல வேலை செய்கிற கணினியைக் கட்ட முடியுமா? 1970-களில் எம்.ஐ.டி.யில் ஜாக் டென்னிஸ் இந்தத் திசையில் உழைத்தார். டேட்டாஃப்ளோ என்று பெயர். ஒரு கணக்குக்கு வேண்டிய தரவு வந்து சேர்ந்ததும் அந்தக் கணக்கு தானாக நடக்கும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, மினசோட்டாவில் முனைவர் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவின் அர்வைனுக்குப் போன அர்விந்த் (இந்த ஒற்றைப் பெயராலேயே அறியப்பட்டவர்) அங்கே இத்தகைய கணினிக்கென்றே ஐடி என்ற மொழியைச் சக ஆய்வாளர்களுடன் வடிவமைத்தார். பிறகு எம்.ஐ.டி.க்கு வந்தார். அவர் குழு மோட்டோரோலா நிறுவனத்துடன் சேர்ந்து 1990-ஐ ஒட்டிக் கட்டிய டேட்டாஃப்ளோ கணினியின் பெயர் மான்சூன். பருவமழை! குற்றாலத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்கவே வேண்டாம்.

டேட்டாஃப்ளோவுக்கும் சார்பு நிரலாக்கத்துக்கும் என்ன உறவு? யாரும் எந்தப் பெட்டியையும் மாற்றுவதில்லை என்றால், எதை முதலில் கணக்கிடுவது என்ற வரிசை முக்கியமில்லாமல் போகிறது. இரண்டு கணக்குகள் ஒன்றையொன்று சாராவிட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். விடை மாறாது. மாற்றம் இல்லாத மொழியும் மத்திய உத்தரவு இல்லாத கணினியும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவை.

1980-களில் சார்பு மொழிகள் ஆளுக்கொன்றாக முளைத்திருந்தன. 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த ஒரு மாநாட்டில் ஆய்வாளர்கள் கூடி, பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஹாஸ்கெல் பிறந்தது அப்படித்தான். தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயர். முதல் அறிக்கை 1990-இல் வந்தது. அதை வடிவமைத்த குழுவில் அர்விந்தும், அவருடன் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ரிஷியூர் நிகிலும் இருந்தார்கள். நிகிலும் கான்பூர் ஐ.ஐ.டி. மாணவர்.

மான்சூன் சந்தையில் நிற்கவில்லை. சாதாரணச் செயலகங்கள் வருசாவருசம் வேகமெடுத்து அதைத் தாண்டிப் போயின. சார்பு நிரலாக்கம் இனிக் கணிதக்காரர்களின் விளையாட்டு என்று பலரும் ஒதுக்கிய காலம் அது. ஆனால் அந்தக் குழுவிடம் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மென்பொருளுக்கு வாளிக்காரர் போதும், சரி. சில்லின் உள்ளே? அங்கே லட்சக்கணக்கான சுற்றுகள் எப்போதும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. 'முதலில் இது, பிறகு அது' என்று எழுதுகிற மொழி அங்கே தடுமாறுகிறது.

2000-ஐ ஒட்டி, அர்விந்த் தொடங்கிய சாண்ட்பர்ஸ்ட் நிறுவனத்தில், ஹாஸ்கெல் உலகில் பெயர்பெற்ற லென்னார்ட் ஆகஸ்ட்சன், வன்பொருளை விவரிக்க ஹாஸ்கெல் சாயலில் ஒரு மொழியை உருவாக்கினார். அதுதான் புளூஸ்பெக். 2003-இல் அந்தப் பெயரிலேயே தனி நிறுவனம் வந்தது. அர்விந்தும் நிகிலும் அதன் நிறுவனர்கள். சில் வடிவமைக்கும் பொறியாளர்கள் ஹாஸ்கெலின் தோற்றத்தைப் பார்த்து மிரண்டதால், அவர்களுக்குப் பழகிய வெரிலாக் பாணியில் மேல்சட்டை ஒன்றும் தைத்தார்கள். உள்ளே எலும்பு அதேதான். அதன் கம்பைலரே ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. 2020-இல் அது திறமூலமானது.

இந்த மொழிதான் சென்னைக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வீ. காமகோடியின் ஆய்வகம், யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை வைத்து சக்தி என்ற செயலக வரிசையை உருவாக்கியது. அதை எழுதியது புளூஸ்பெக்கில். 2018-இல் ஒரு சில் இன்டெல்லின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. அதே வருசம் இன்னொன்று சண்டிகரில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் வந்தது. 2020-இல் மௌஷிக். 2025-இல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ். இந்தக் கடைசிச் சில்லுக்கான யோசனை வந்தது திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோ பிரிவிலிருந்து. வடகரையிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம்.

அர்விந்த் 2024 ஜூனில் காலமானார். மான்சூன் தோற்ற இயந்திரம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த இயந்திரத்துக்காகப் பழகிய சிந்தனைமுறை முப்பது வருசம் கழித்துச் சென்னையில் சில்லாக இறங்கியிருக்கிறது.

இனி, கற்பது பற்றி. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் இளநிலை மாணவர்களுக்கு நிரலாக்கமே ஹாஸ்கெலில்தான் அறிமுகமாகிறது. அங்கிருந்து மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய பாடத்தை என்.பி.டெல். தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே ஒரு பட்டியலின் கூட்டுத்தொகை இப்படி வரும். வெறும் பட்டியலின் கூட்டுத்தொகை பூஜ்யம். மற்றதற்கு, முதல் எண்ணோடு மீதியின் கூட்டுத்தொகையைக் கூட்டு. அவ்வளவுதான் நிரல். பெட்டி இல்லை, எண்ணிக்கொண்டே போகும் சுழற்சி இல்லை. கணக்கு நோட்டில் எழுதுகிற வரையறையே ஓடுகிறது. சி பழகிய கைக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். பழகாத கைக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

"அண்ணாச்சி, இதைப் படிச்சா வேலை கெடைக்குமா?" தென்காசியில் இது நியாயமான கேள்வி. 2011 முதல் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் இருக்கிறது. மென்பொருள் வேலை என்றால் சென்னைக்கு மூட்டை கட்டவேண்டும் என்ற நிலையை அது கொஞ்சம் மாற்றியிருக்கிறது. நேர்மையான பதில், ஹாஸ்கெல் என்று பெயர் போட்டு வருகிற வேலைகள் குறைவு. ஆனால் சார்பு நிரலாக்கம் வேறு வேடங்களில் எல்லா இடத்திலும் நுழைந்துவிட்டது. ஜாவாவில் 2014-இல் லாம்டா வந்தது. நம் ஊர்க் குடும்பக் குழுக்களெல்லாம் ஓடுகிற வாட்ஸ்அப்பின் சர்வர்கள் எர்லாங் என்ற சார்பு மொழியில் எழுதப்பட்டவை. உரக்கடைக் கணக்குப்பிள்ளை எக்செல் கட்டத்தில் போடுகிற சூத்திரமும் சார்புதான். ஒரு கட்டம் மாறினால் அதைச் சார்ந்தவை தாமே மாறும். மறுகால் பாய்கிற மாதிரி.

வேலையைவிடப் பெரிய விசயம் ஒன்று அரசுப் பாடநூலிலேயே இருக்கிறது. புதிய பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் முதல் பாடமே செயற்கூறு. பைத்தானுக்குப் போவதற்கு முன்பே, ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருகிற தூய செயற்கூறு எது, பக்கவிளைவு உள்ளது எது என்று அந்தப் பாடம் பிரித்துக் காட்டுகிறது. எடுத்துக்காட்டுகள் மில்னர் வழிவந்த எம்.எல். குடும்பத்து எழுத்துமுறையில் இருக்கின்றன. எடின்பரோ ஆய்வகத்துச் சரக்கு, விலையில்லாப் புத்தகமாக வடகரை வரைக்கும் வந்துவிட்டது.

வந்தது கையில் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு மதிப்பெண் வினாவாக, "தூய செயற்கூறு வரையறு" என்று மனப்பாடம் ஆகிவிட்டால் எல்லாம் போச்சு. அந்தப் பாடம் நடத்துகிற அன்றைக்கு ஆசிரியர் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோகலாம். 'ஏ பிள்ளைகளா, இந்தத் தூய செயற்கூறுன்னு சொல்றது வேற ஒண்ணுமில்ல, நீங்க ஏற்கெனவே படிச்ச சார்புதான்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கணக்கை வாசலில் கழற்றி வைக்காமலே அந்தப் பிள்ளைகள் உள்ளே வரலாம்.