இரு நவாபுகள், ஒரு பிரார்த்தனை

திருச்சிராப்பள்ளி நத்ஹர் வலியுல்லாஹ் அவர்களின் தர்காவுக்கு ஜியாரத் செய்யச் செல்வோர், அப்பெரியாரின் கபுறருகே நின்று பாத்திஹா ஓதித் திரும்புவர். அதே வளாகத்தில் அடங்கியிருக்கும் வேறு இருவரை நினைப்போர் சிலரே. ஒருவர் சந்தா சாகிபு. மற்றவர் நவாப் முகம்மது அலி வாலாஜா. ஒருவரையொருவர் அழித்தொழிக்க முனைந்த இவ்விருவரையும் ஒரே மண் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

1736இல் இராணி மீனாட்சியிடமிருந்து திருச்சியைக் கைப்பற்றியவர் சந்தா சாகிபு. 1741இல் மராட்டியரிடம் சிறைப்பட்டு மீண்ட அவர், 1749 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரின் துணையுடன் ஆம்பூரில் போரிட்டார். அப்போரில் முகம்மது அலியின் தந்தை நவாப் அன்வருத்தீன் உயிர் துறந்தார். மகன் திருச்சிக் கோட்டையில் புகலடைய, சந்தா சாகிபு முற்றுகையிட்டார். ஆங்கிலேயரின் உதவி கிடைத்ததும் நிலைமை மாறிற்று. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்துக் கோயில் மதில்களுக்குள் ஒதுங்கியிருந்த சந்தா சாகிபு, தஞ்சைத் தளபதி மானோஜி அளித்த வாக்கை நம்பி அவரிடம் சென்றார். வாக்கு காக்கப்படவில்லை. தலை துண்டிக்கப்பட்டு முகம்மது அலியிடம் அனுப்பப்பட்டது. 43 ஆண்டுகளுக்குப் பின், 1795 அக்டோபர் 13இல் சென்னையில் காலமான முகம்மது அலியின் உடலும் திருச்சிக்கே வந்து சேர்ந்தது.

இவர்களுள் யாருக்காக நாம் பிழைபொறுக்க வேண்டுவது?

ஜனாஸாத் தொழுகையின் மூன்றாம் தக்பீருக்குப் பின் ஓதும் துஆவை எண்ணிப் பார்ப்போம். உயிருடன் இருப்போர், இறந்தோர், வந்திருப்போர், வராதோர், சிறியோர், பெரியோர் யாவருக்கும் அதில் மன்னிப்புக் கோருகிறோம். நம் கட்சியார், எதிர்க்கட்சியார் என்ற பிரிவு அங்கே இல்லை. திருக்குர்ஆனின் அல்ஹஷ்ர் அத்தியாயம் 10ஆம் வசனம், ஈமானில் முந்திச் சென்ற சகோதரர்களுக்காகப் பிழைபொறுக்கக் கேட்கும்படி கற்பிக்கிறது. விசுவாசிகள்மீது நம் உள்ளத்தில் குரோதத்தை வைத்துவிடாதே என்றும் அதே மூச்சில் கேட்கச் செய்கிறது. முன்னதை நாவால் கேட்டுப் பின்னதை நெஞ்சில் மறுப்பவர் பாதி துஆவையே கேட்டவராவார்.

அங்ஙனமாயின் குற்றத்தை மறைப்பதா என்று சிலர் வினவலாம். மறைக்க வேண்டியதில்லை. வாக்கு மீறப்பட்டதை வரலாறு எழுதத்தான் வேண்டும். மனிதருக்கு மனிதர் செலுத்த வேண்டிய உரிமைகளின் கணக்கும் துஆவினால் மட்டும் தீர்ந்துவிடாது. கடன்பட்டு இறந்த ஒருவருக்கு, அக்கடனை அபூ கதாதா (ரலி) ஏற்கும்வரை நபிகள் நாயகம் (ஸல்) தொழுகை நடத்தவில்லை. ஆயினும், இறந்தோரை ஏசவேண்டாம் என்று தடுத்தவர்களும் அவர்களே. இறுதித் தீர்ப்பு நம் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்வதே பிழைபொறுக்கத் தேடுவதன் உட்பொருள்.

நவாபுகளின் பகை ஓர் இராஜ்யத்துக்காக மூண்டது. நம் குடும்பங்களிலோ ஒரு சுவருக்காக, ஒரு காணி நிலத்துக்காகச் சகோதரனின் ஜனாஸாவுக்கும் செல்லாதோர் உளர். அத்தகையோர் ஒருமுறை அத்தர்காவுக்குச் சென்று, இருவருக்குமாகச் சேர்த்து ஒரு துஆ கேட்டு வரட்டும். வீடு திரும்புமுன் தம் சகோதரனின் கபுறுக்கும் வழி தெரியும், இன்ஷா அல்லாஹ்.