தொப்பூர் கணவாயும் துபாய் லைசென்சும்



போன வாரம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பரணில் இருந்த பழைய பெட்டியைத் துழாவும்போது கிடைத்ததாம், இரண்டு லைசென்சுகளை மேசைமேல் வைத்தான். ஒன்று நம் ஊர் ஹெவி லைசென்சு. இன்னொன்று துபாயில் வாங்கிய லைட் வண்டி லைசென்சு.

"மாமா, இந்த ரெண்டுல எது எனக்குக் கஷ்டப்பட்டுக் கெடச்சதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றான்.

லாரி ஓட்டும் உரிமம்தான் கஷ்டம் என்று யாரும் சொல்வார்கள். நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். அவன் கதை எனக்குத் தெரியும். முப்பது வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் என்பதால், அந்த இரண்டு அட்டைகளுக்கும் பின்னால் இருக்கும் கதையையும் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

அவன் பதினேழு வயதில் கிளீனராக லாரி ஏறியவன். பாலக்கோட்டுத் தக்காளி, கரும்பு, சிமெண்ட் என்று எல்லா லோடும் பார்த்தவன். பெங்களூரிலிருந்து சேலம் போகும் வண்டியைத் தொப்பூர் கணவாயில் இறக்கிப் பழகியவன். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால், வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அந்த இரட்டைப் பாலத்தருகே நடந்த விபத்துகளில் எத்தனையோ இப்படி நடந்தவைதான். கியரில் வைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி நிதானமாக இறக்க வேண்டும். இதை அவனுக்கு ஒரு பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

இப்படிப்பட்டவன் 2011இல் துபாய் போனான். போனதும் தெரிந்தது, கையில் இருக்கும் இந்திய லைசென்சை அங்கே மாற்றித் தரமாட்டார்கள் என்று. இங்கிலாந்துக்காரர், ஜெர்மனிக்காரர், அமெரிக்காக்காரர் தங்கள் லைசென்சைக் கொடுத்து, கண் பரிசோதனை செய்து, அந்த ஊர் லைசென்சை வாங்கிக்கொண்டு போகலாம். இந்தியர் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, எழுத்துத் தேர்வு, பார்க்கிங் தேர்வு, சாலைத் தேர்வு எல்லாம் முடிக்க வேண்டும். நம் ஊர் அனுபவத்துக்காக வகுப்பு நேரத்தில் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான்.

அவன் சாலைத் தேர்வில் இரண்டு முறை தோற்றான். ராத்திரி எனக்குப் போன் செய்து புலம்பினான்.

"மாமா, கண்ணாடியக் கண்ணால பாத்தாப் போதாதாம். தலையத் திருப்பித் தோளுக்குப் பின்னால பாக்கணுமாம். நான் பாக்குறது அவங்களுக்குத் தெரியணுமாம். இன்னொரு தடவ சும்மா ஹாரன் அடிச்சிட்டேன். எறங்குன்னுட்டாங்க."

கூடவே பழக்க தோஷம். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். கியர் போட இடது கை தன்னால் எழும், கதவில் போய் இடிக்கும். மூன்றாம் முறை தேறினான். அதற்குள் ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம் கரைந்துவிட்டது. பணம் போனதைவிட அவனுக்கு வலித்தது வேறு. "தொப்பூர்ல பதினாறு டன் எறக்குனவன், இங்க எல்.எல்.ஆர் பையன் மாதிரி உக்காந்திருக்கேன் மாமா" என்றான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏன் இப்படி? நம் நாட்டை மட்டம் தட்டுகிறார்களா? அன்று எனக்கும் கோபம் வந்தது. அதற்குப் பிறகுதான் இதன் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

ஓட்டுநர் உரிமம் என்பதே நூற்றுச் சொச்சம் வருடத்துச் சங்கதிதான். மோட்டார் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸ், சத்தமும் நாற்றமும் தாங்கவில்லை என்று மக்கள் முறையிட்டதால், 1888இல் தன் வண்டியைத் தெருவில் ஓட்ட அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டி வந்தது. 1893இல் பாரிஸ் நகரம் ஓட்டுபவர்களுக்குத் தேர்வு வைத்தது. இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் லைசென்சு வந்தது. ஆனால் தேர்வு கிடையாது. ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். அங்கே ஓட்டும் தேர்வு கட்டாயமானது 1935இல்தான். ஆக, நம்மை ஆண்டவர்களும் முப்பது வருடம் தேர்வில்லாமல்தான் ஓட்டினார்கள்.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. பிறகு 1939ஆம் ஆண்டுச் சட்டம். அதன் அட்டவணையில், ஓட்டுபவருக்கு என்னென்ன தேர்வு வைக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். இன்று நடப்பில் இருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அது 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது.

ஒரு நாட்டு லைசென்சு இன்னொரு நாட்டில் செல்லுமா என்ற கேள்வியும் கார் எல்லை தாண்டிய அன்றே வந்துவிட்டது. 1909இல் பாரிசில் நாடுகள் கூடி முதல் உடன்படிக்கை செய்தன. 1926இல் மறுபடியும் பாரிசில் ஒன்று. 1949இல் ஜெனீவாவில் இன்னொன்று. இந்தியா சேர்ந்திருப்பது இந்த ஜெனீவா உடன்படிக்கையில். நம் ஆர்.டி.ஓ ஆபீசில் வெளிநாடு போகிறவர்களுக்குத் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் இதன் வழி வந்ததுதான். அதன் ஆயுள் ஒரு வருடம்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அந்தப் புத்தகம் விருந்தாளிக்கு உரியது. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குச் செல்லும். அந்த ஊரிலேயே தங்கி வேலை செய்கிறவருக்கு அது காலத்துக்கும் செல்லாது. குடியிருக்க வருபவனின் லைசென்சை மாற்றித் தரவேண்டும் என்று அந்த உடன்படிக்கை எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எந்த நாட்டுத் தேர்வை நம்புகிறதோ அந்த நாடு பட்டியலில் இருக்கும்.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலைச் சட்டத்தையும் இடப்பக்கம் போகும் வழக்கத்தையும் நமக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். இந்திய லைசென்சை வைத்து அங்கே பன்னிரண்டு மாதம் ஓட்டலாம். அதற்குமேல் கற்றுக்கொள்பவராகப் பதிந்து, முழுத் தேர்வும் எழுதித்தான் ஆகவேண்டும். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் லைசென்சுகளை அப்படியே மாற்றித் தருகிறார்கள். 2021இல் அந்தப் பட்டியலில் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்தார்கள். அதாவது, என் அக்கா மகன் மூன்றாம் முறை தேறி வாங்கினானே, அந்த துபாய் லைசென்சை லண்டனில் மதிப்பார்கள். தொப்பூர் இறக்கத்துக்கு வாங்கிய லைசென்சை மதிக்க மாட்டார்கள்.

சிங்கப்பூர் நடுவழியில் நிற்கிறது. நம் ஊர் கார் லைசென்சு உள்ளவர் அங்கே அடிப்படை எழுத்துத் தேர்வில் தேறினால் மாற்றிக்கொள்ளலாம், ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அவர்களும் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால் கைப்பழக்கம் மாற வேண்டியதில்லை. விதி தெரியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள்.

சரி, நம் நாடு என்ன செய்கிறது? இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவில், வெளிநாட்டில் முறையாக லைசென்சு வாங்கியவர் இங்கே விண்ணப்பித்தால், மருத்துவச் சான்று கொடுத்தால் போதும், அதே வகை வண்டிக்கு ஓட்டும் தேர்வு தேவையில்லை என்று இருக்கிறது. எந்த நாடு என்ற பட்டியல் அதில் இல்லை. நாம் எல்லோரையும் நம்புகிறோம்!

இது என் வீட்டிலேயே நடந்தது. என் மாப்பிள்ளை கல்லூரி முடித்த கையோடு அமெரிக்கா போனவர். கார் ஓட்டக் கற்றதே அங்கேதான். பன்னிரண்டு வருடம் கழித்துக் குடும்பத்தோடு திரும்பி வந்தார். லைசென்சை மாற்றப் போன அலுவலகத்தில், "எல்.எல்.ஆர் போடுங்க, மத்தவங்க மாதிரி டெஸ்ட்டுக்கு வாங்க" என்றுதான் முதலில் சொன்னார்களாம். எந்த ஊர் அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். இப்படி விண்ணப்பம் எப்போதாவது ஒன்றுதான் வரும், அவர்களையும் குறை சொல்ல முடியாது. சட்டப் பிரிவை எடுத்துக் காட்டி, இரண்டு மூன்று முறை நடந்த பிறகு, ஓட்டிக் காட்டாமலே லைசென்சு கைக்கு வந்தது.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, "வாங்க மாமா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று என்னை ஏற்றிக்கொண்டார். பாலக்கோடு சாலையில் கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் போனது. அதைத் தாண்டியவர் இடப்பக்கம் திரும்பவே இல்லை. வலப்பக்கமே நேராகப் போகிறார். எதிரே டவுன் பஸ். நான், "மாப்ள, லெஃப்ட்டு, லெஃப்ட்டு!" என்று கத்தினேன். எப்படியோ ஒடித்துத் திருப்பிவிட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. பன்னிரண்டு வருடம் வலப்பக்கம் போன கை. அவர் நல்ல ஓட்டுநர், விதியை மதிப்பவர். ஆனாலும் ஒரு அரைமணி நேரத் தேர்வு வைத்திருந்தால் இந்தச் சங்கதி அங்கேயே தெரிந்திருக்கும். சுவீடன் 1967இல் நாடு முழுவதையும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றியபோது, மாதக்கணக்கில் மக்களைத் தயார் செய்தார்களாம். நம் சட்டம் ஒரு கையெழுத்தில் மாற்றிவிடுகிறது.

ஆக, தேர்வு வேண்டியிருந்தவருக்கு இங்கே தேர்வில்லை. ஓட்டத் தெரிந்தவனுக்கு அங்கே மூன்று தேர்வு. இது அநியாயம்தானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் சொந்த லைசென்சு நினைவுக்கு வரும்வரை.

1984இல் வேறொரு மாவட்டத்தில் வேலை பார்த்தபோது வாங்கினேன். டிரைவிங் ஸ்கூல்காரர் காலையில் எங்கள் எட்டுப் பேரை ஒரே அம்பாசடரில் கூட்டிப் போனார். பிரேக் இன்ஸ்பெக்டர் அந்தப் புளியமரம் வரைக்கும் போய்வரச் சொன்னார். ஃபர்ஸ்ட் கியரில் போனேன், ஃபர்ஸ்ட் கியரிலேயே வந்தேன். ரிவர்ஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புளியமரம் பிழைத்திருக்காது. எட்டுப் பேரும் பாஸ். எனக்கு அன்று அது பெருமை. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருந்த தேர்வு எதுவும் எனக்கு நடக்கவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். துபாய் அதிகாரி முன்னால் என் அக்கா மகனின் லைசென்சும் என் லைசென்சும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டால், இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதே அசோகச் சின்னம், அதே முத்திரை. எவன் தொப்பூரை இறக்கியவன், எவன் புளியமரம் வரை போனவன் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் சந்தேகப்பட்டது என் அக்கா மகனின் கையை அல்ல. அவன் அட்டையில் இருந்த கையெழுத்தை. அந்தக் கையெழுத்தின் மதிப்பைக் குறைத்தவர்களில் நானும் ஒருவன். என்னைப் போல் புளியமரம் வரை போய்வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அவன் நான்கு மாதச் சம்பளத்தைக் கட்டினான்.

காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023 ஏப்ரலில் துபாயில் ஒரு புது ஏற்பாடு வந்தது. நம்மைப் போன்ற நாட்டு லைசென்சு உள்ளவர்கள் வகுப்புக்குப் போகாமல் நேரே தேர்வுக்குப் போகலாம். ஒரே ஒரு வாய்ப்பு. தேறினால் லைசென்சு, தவறினால் வகுப்பில் சேர வேண்டும். உன் அட்டையை நம்பமாட்டேன், ஆனால் நீ ஓட்டிக் காட்டு என்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. இங்கே திரும்பி வருகிறவர்களுக்கும் நாம் இப்படி ஒன்று வைத்தால் என்ன?

அக்கா மகன் இப்போது ஊரிலேயே சொந்தமாக ஒரு வண்டி ஓட்டுகிறான். அவன் பையனுக்குப் பதினெட்டு ஆகிறது. போன வாரம் வந்ததே, பையனை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டு வரும் வழியில்தான். அங்கே என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ ஃபெயில் ஆனாலும் பரவால்லீங்க, ஓட்டத் தெரியாம டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்கன்னு சொன்னேன் மாமா. அவர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு."

இரண்டு லைசென்சுகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வண்டியை எடுக்கும்போது கவனித்தேன். கண்ணாடியைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான்.