கிறிஸ்துமஸ் பூனையும் கம்பளிக் காலுறையும்

திருநாள் என்றால் புத்தாடை என்பது நம் குடும்பங்களில் எழுதாச் சட்டம். வீட்டில் உள்ளோர்க்கு மட்டுமன்றி, வீட்டு வேலைக்கு வந்து போவோர்க்கும் ஒரு துணி எடுத்துக் கொடுத்த பின்னரே தீபாவளி நிறைவுற்றதாக நம் பெரியோர் கருதினர். இதனையொத்த வழக்கம், நம்மோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத, வடதுருவத்தை அடுத்த ஒரு பனித்தீவிலும் வேரூன்றியிருந்தது. அங்கே திருநாள் கிறிஸ்துமஸ். புத்தாடையோ பெரும்பாலும் கையால் பின்னிய கம்பளிக் காலுறை அல்லது கையுறை. அவ்வழக்கம் தவறாதிருக்கக் காவலாக ஒரு பூனையும் நின்றது! அத்தீவின் பெயர் ஐஸ்லாந்து. குளிர்கால நண்பகலில் வெயில் காய்ந்தவாறே ஸ்வெட்டர் பின்னும் நம் காலனி மகளிர்க்கு இவ்வரலாறு சுவை பயக்கும் என நம்புகிறேன்.

நெசவோடு ஒப்பிட, ஊசிகொண்டு பின்னும் கலை வயதில் இளையது. இன்று கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல் பொருள்களுள் எகிப்து நாட்டுப் பருத்திக் காலுறைகள் குறிப்பிடத்தக்கவை. அவை 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்பர் ஆராய்ச்சியாளர். ஸ்பெயின் நாட்டில், 1275இல் மறைந்த ஓர் இளவரசரின் கல்லறையில் நுட்பமான பின்னல் வேலைப்பாடுடைய தலையணைகள் கிடைத்துள்ளன. இக்கலை ஐரோப்பாவெங்கும் பரவி, 16ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தை அடைந்தது. அதற்கு முன்னர் அம்மக்கள் கம்பளித் துணியை நெய்தே உடுத்தினர். அத்துணியையே நாணயம்போல் கைமாற்றிக் கொடுக்கல் வாங்கலும் நடத்தினர்.

9ஆம் நூற்றாண்டில் அத்தீவில் குடியேறியோர் தம்மோடு ஆடுகளையும் கொண்டு சென்றனர். அவ்வாட்டின் ரோமம் இருவகைப்பட்டது. வெளிப்புறம் நீண்டு முரடாக இருந்து மழையையும் பனியையும் தடுக்கும். உட்புறம் மென்மையாகவும் அடர்த்தியாகவும் இருந்து வெப்பம் காக்கும். இவ்விரண்டையும் பிரித்தெடுத்தும் நூற்பர், சேர்த்தும் நூற்பர். மரம் அரிதாய், தானியம் விளைவது அருமையாய் இருந்த அந்நாட்டில் மீனும் ஆட்டுரோமமுமே மக்களின் பெருஞ்செல்வம்.

தறிக்கு இடம் வேண்டும், ஒளி வேண்டும். பின்னல் ஊசிக்கோ மடி ஒன்றே போதும். டிசம்பர் மாதத்தில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே பகலொளி காணும் நாட்டில் இஃது எத்துணைப் பெரிய வசதி! ஆகவே ஆடவர், பெண்டிர், சிறுவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் பின்னினர். கடலில் படகு வலிக்கும் மீனவர்க்கென இரு கட்டைவிரல் உறையுள்ள கையுறை பின்னினர். உள்ளங்கைப் பக்கம் தேய்ந்ததும் அதனைத் திருப்பி அணிந்துகொள்ளலாம். தோல் செருப்புக்குள் இடுவதற்குப் பல வண்ணக் கோலங்களுடன் சிறு பின்னல் அட்டைகளும் செய்தனர். கண்ணுக்குப் புலப்படாமல் காலடியில் கிடக்கும் பொருளுக்கும் அழகு சேர்த்த அவர்தம் மனப்பாங்கு வியக்கத்தக்கது.

ஆயினும் இவ்வுழைப்பின் பயன் முழுவதும் உழைத்தவர்க்கே கிடைத்துவிடவில்லை. ஐஸ்லாந்து அக்காலத்தில் டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1602 முதல் ஏறத்தாழ 185 ஆண்டுகள், மன்னரின் உரிமை பெற்ற வணிகரன்றி வேறெவரோடும் அம்மக்கள் வாணிகம் செய்தல் கூடாது என்பது சட்டம். தானியமும் மரமும் இரும்பும் வேண்டுமாயின் மீனையும் கம்பளியையும் அவர்களிடமே கொடுத்தாக வேண்டும். 1624ஆம் ஆண்டில் மட்டும் 72,000 இணைக்கு மேற்பட்ட காலுறைகளும் 12,000 இணைக்கு மேற்பட்ட கையுறைகளும் கப்பலேறியதாகக் கணக்குக் கூறுகிறது. ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, 1703இல், அந்நாட்டில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது தலைகள் 50,358 மட்டுமே! தலைக்கு ஓர் இணைக்கு மேல் ஓராண்டில் கடல் கடந்து சென்றது எனில், அவ்வூசிகள் எவ்வளவு ஓய்வின்றி அசைந்திருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவ்வேலை நடந்த விதம் இது. புல்தரையைப் பெயர்த்துச் சுவரும் கூரையும் அமைத்த வீடு. அதனுள் ஒரு பொதுக்கூடம். உண்பதும் உறங்குவதும் உழைப்பதும் அங்கேயே. மாலை விளக்கேற்றியதும் சிலர் ரோமம் வாருவர், சிலர் நூற்பர், சிலர் பின்னுவர். ஒருவர் மட்டும் விளக்கருகே அமர்ந்து பழங்கதை படிப்பார், அல்லது இசையோடு கதைப்பாட்டுக் கூறுவார். இதற்கு ‘மாலை விழிப்பு’ என்னும் பொருள்பட அவர்கள் பெயரிட்டிருந்தனர். ஐஸ்லாந்தின் புகழ்பெற்ற பழங்கதைகள் மக்கள் நாவில் அழியாது நிலைத்தமைக்கு இப்பின்னல் கூடங்களும் ஒரு காரணம்.

கேட்க இனிமையான காட்சிதான். எனினும் அக்கூடத்தில் அமர்ந்த அனைவரும் வீட்டுக்குரியவர் அல்லர். நிலமற்ற எவரும் ஏதேனும் ஒரு பண்ணை வீட்டில் ஆண்டு ஒப்பந்தப் பணியாளராகச் சேர்ந்தே தீரவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்; அது தளர்த்தப்பட்டது 1894இல்தான். அவர்களுக்குக் கூலியின் பெரும்பகுதி உணவும் உடையுமே. இலையுதிர் காலத்துக் கம்பளி வேலை முழுவதையும் கிறிஸ்துமஸுக்கு முன் முடித்தல் வேண்டும். அதனால் விழாவுக்கு முந்தைய வாரத்தில் பணியாளர் கண்ணயராதபடி இமைகளில் சிறு குச்சிகளை முட்டுக் கொடுப்பர் என்றொரு செய்தி வழிவழியாக வழங்குகிறது. குச்சி வைத்தனரோ இல்லையோ, உறக்கம் பறிபோனது உண்மை.

இத்தனை உழைப்புக்குப் பின் வருவதே கிறிஸ்துமஸ் பரிசு. வீட்டுத் தலைவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு புதிய உடையும், ஆட்டுத்தோல் செருப்பும், ஒரு மெழுகுவத்தியும் அளிப்பது மரபு. உடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் இணைக் காலுறையே போதும். அதுவும் கிடைக்கப் பெறாதவரைக் ‘கிறிஸ்துமஸ் பூனை’ கொண்டுபோய்விடும், அல்லது அவர்தம் விழா உணவையேனும் தின்றுவிடும் என்பது நம்பிக்கை. யோன் ஆர்னசன் என்னும் அறிஞர் தொகுத்து 1862 முதல் வெளிவந்த நாட்டுக் கதைத் தொகுதியில் இப்பூனை இடம்பெற்றுள்ளது.

இக்கதைக்குப் பொதுவாகக் கூறும் பொருள், சோம்பியிருப்போரை அச்சுறுத்த எழுந்தது என்பதே. வேலையை முடித்தவனுக்குப் புத்தாடை. முடிக்காதவன் பூனைக்கு இரை. ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கின் வேறொரு பொருளும் தோன்றும். ஆடையை அளிக்க வேண்டியவர் யார்? வீட்டுத் தலைவரே. ஒரு பணியாள் பூனை வாயில் அகப்பட்டால் ஊரார் பழிப்பது அவனை மட்டுமா? ஆயிரமாயிரம் இணைகள் அயல்நாட்டார் காலுக்காகக் கப்பலேறும்போது, பின்னிய கைக்குரியவர்க்கு ஓர் இணையேனும் மிஞ்சட்டும் என்னும் நீதியையும் அப்பூனை காத்து நின்றது என்றே நான் கருதுகிறேன். அப்பரிசு உண்மையில் பரிசன்று. செலுத்த வேண்டிய கடன்.

இக்கருத்தைத் தெளிவாக்கியவர் யோஹன்னஸ் ஊர் கோட்லும் என்னும் கவிஞர். சிறுவர்க்கென அவர் எழுதி 1932இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாடல் நூலில் இப்பூனையைப் பற்றிய பாடலும் ஒன்று. அதில் பூனைக்கு இரையாகக்கூடியவர் சோம்பேறிகள் அல்லர். புத்தாடை வாங்க வழியற்ற ஏழைகள். அத்தகையோர்க்கு உதவுமாறு குழந்தைகளை நோக்கிக் கேட்டே கவிஞர் பாடலை முடிக்கிறார். அச்சுறுத்த வந்த பூனை, ஈகையை நினைவூட்டும் பூனையாயிற்று.

இன்று அந்நாட்டில் பட்டினியும் இல்லை, பண்ணையடிமை வழக்கமும் இல்லை. கழுத்தைச் சுற்றி வட்டக்கோலம் இட்ட அவர்களுடைய ஸ்வெட்டர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றி உலகப் புகழ் எய்திற்று. 1977இல் கையால் பின்னுவோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, தம் பின்னலைத் தாமே விற்கலாயினர். கிறிஸ்துமஸுக்கு ஒரு புதிய காலுறையேனும் அணிய வேண்டும் என்னும் வழக்கம் மட்டும் வேடிக்கையாகத் தொடர்கிறது.

நம் இல்லங்களிலும் குளிர் தொடங்குமுன் கம்பளி உருண்டைகள் உருளத் தொடங்கிவிடும். குழந்தைக்குத் தொப்பி, கணவர்க்கு மப்ளர், ஊரிலிருந்து வரும் பெரியவர்க்குக் காலுறை என்று வரிசையாக முடியும்; பின்னுகின்றவளின் முறை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அவளுக்கென ஒன்று இவ்வாண்டே அமையட்டும். அதன்பின் மிஞ்சும் நூலில், இரவெல்லாம் பனியில் நின்று நம் தெருவைக் காக்கும் காவலாளிக்கு ஓர் இணைக் காலுறை பின்னலாம். இரண்டு மூன்று மாலைகளின் வேலைதான் அது.