ஐரோப்பிய ஆராய்ச்சி நிதி: இந்தியர்களுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி, புத்தாக்கத் திட்டமான ‘ஹொரைசன் ஐரோப்பா’வுக்கு 2021 முதல் 2027 வரை ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 9,550 கோடி யூரோ. இதில் இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு நிதி இயல்பாகக் கிடைப்பதில்லை; ஆனால், இந்தியக் குடிமகனான தனி ஆராய்ச்சியாளர் பெற முடியும். விண்ணப்பிக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

கூட்டு ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பொதுவாக மூன்று வெவ்வேறு உறுப்பு நாடுகள் அல்லது இணைவு நாடுகளைச் சேர்ந்த மூன்று நிறுவனங்களாவது தேவை. அவற்றுள் ஒன்றேனும் உறுப்பு நாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகம் இக்குழுவில் கூடுதல் பங்காளராகச் சேரலாம். ஆனால், சீனா, பிரேசிலைப் போலவே இந்தியாவும் நிதி பெறத் தானாகத் தகுதி பெறும் நாடுகளின் பட்டியலில் இல்லை. குறிப்பிட்ட அறிவிப்பில் விதிவிலக்கு இருந்தாலோ, அதன் பங்கேற்பு இன்றியமையாதது எனக் கருதப்பட்டாலோ அன்றி, செலவை அந்நிறுவனமே ஏற்க வேண்டும்.

தனிநபர் உதவித்தொகைகளில் நாட்டுரிமை தடையாக இல்லை. அவற்றுள் முக்கியமானது மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி முதுமுனைவர் உதவித்தொகை. கடைசி நாளுக்குள் முனைவர் பட்டம் பெற்றவராகவும், அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ச்சி அனுபவம் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு வெளியே பணியாற்றிய காலமும், பணி இடைவெளியும் இந்த எட்டு ஆண்டுகளில் சேராது. குழந்தை வளர்ப்புக்காக ஆய்வுக்கூடத்தைவிட்டு விலகியிருந்த பெண்களுக்கு இது பெரிதும் உதவும்.

பலர் இடறுவது இடப்பெயர்வு விதியில்தான். கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், ஏற்கும் நிறுவனம் உள்ள நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ, முதன்மைப் பணியாற்றியிருக்கவோ கூடாது. அக்காலத்தில் 14 மாதங்கள் ஜெர்மனியில் பணிபுரிந்தவர் ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தின் வழியே விண்ணப்பிக்க இயலாது. பிரான்ஸ் வழியே விண்ணப்பிக்கலாம். 2024 ஜனவரி முதல் இணைவு நாடாக உள்ள பிரிட்டனும் தெரிவில் அடங்கும்.

இந்த விண்ணப்பத்தை ஆராய்ச்சியாளர் தனியே அனுப்ப முடியாது. ஏற்கும் நிறுவனத்தின் மேற்பார்வையாளரோடு இணைந்து, ஒன்றியத்தின் நிதி, ஒப்பந்த இணையதளத்தில் சமர்ப்பிக்க வேண்டும். ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு விண்ணப்பமே. அறிவிப்பு வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில் வெளியாகி, செப்டம்பரில் முடிகிறது. அறிவிப்புக்குப் பிறகு மேற்பார்வையாளரைத் தேடத் தொடங்கினால் ஆய்வு முன்மொழிவைச் செப்பனிட நேரம் மிஞ்சாது. ஆர்வமுள்ள ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் பல பல்கலைக்கழகங்கள் ‘யூராக்சஸ்’ தளத்தில் முன்கூட்டியே அழைப்பு வெளியிடுகின்றன.

முன்மொழிவின் மையப் பகுதி 10 பக்கங்களுக்குள் அடங்க வேண்டும். மிகுதிப் பக்கங்களை மதிப்பீட்டாளர்கள் படிப்பதில்லை. ஆய்வுத் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் முறைக்கு 20 என மதிப்பெண் பகிரப்படுகிறது. அறிவியல் பகுதியை மெருகேற்றிவிட்டு, மற்ற இரண்டையும் கடைசி வாரத்தில் நிரப்புவோர் பாதி மதிப்பெண்ணைப் பணயம் வைக்கின்றனர். போட்டியோ கடுமையானது. 2024 சுற்றில் 10,360 விண்ணப்பங்களில் 1,696 தேர்வாயின. 2025 சுற்றில் விண்ணப்பங்கள் 17,058 ஆக உயர்ந்தன.

முனைவர் பட்டம் இன்னும் பெறாதவர்களுக்கு அதே பெயரிலான முனைவர் பட்ட வலையமைப்புகள் உள்ளன. இவற்றில் நிதியைப் பெறுவது நிறுவனங்களின் கூட்டமைப்பு. மாணவர் வேலைவாய்ப்பு விளம்பரத்துக்கு விண்ணப்பிப்பதுபோல் விண்ணப்பித்து, ஊதியம் பெறும் பணியாளராகச் சேர்கிறார். வயது வரம்பு இல்லை. இடப்பெயர்வு விதி இங்கும் உண்டு. அனுபவமுள்ளவர்களுக்கு ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் ஐந்து ஆண்டுகளுக்கு 15 லட்சம் முதல் 25 லட்சம் யூரோ வரை வழங்குகிறது. எனினும் பணிநேரத்தில் குறைந்தது பாதியை ஒன்றியத்திலோ, இணைவு நாட்டிலோ செலவிட வேண்டும்.

விண்ணப்பிக்கக் கட்டணம் ஏதுமில்லை. பணம் கேட்கும் முகவர்களுக்கு இந்நடைமுறையில் எந்த அதிகாரபூர்வ இடமும் இல்லை. நடப்புத் திட்டத்தின் காலம் 2027-இல் முடிகிறது. 2028 முதல் 2034 வரையிலான அடுத்த திட்டத்துக்கு 17,500 கோடி யூரோ ஒதுக்க ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது.