தீப்பெட்டியிலிருந்து துரத்திய விஷம் அடுப்படிக்கு வந்த கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் நாய், பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. "சார், வீட்ல கரப்பான் தொல்லை தாங்க முடியல. நல்லா ஸ்ட்ராங்கான மருந்தா ஒண்ணு சொல்லுங்க. ஆனா ராஜபாளையம் குட்டி ஒண்ணு வாங்கியிருக்கோம், அதுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ஸ்ட்ராங்கான மருந்து" என்ற அந்தச் சொல் என்னை முப்பது வருடம் பின்னால் கொண்டுபோய்விட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு.

நம் பகுதியில் கரப்பானுக்குப் பஞ்சமே கிடையாது. காரணம் நம் தொழில்தான். வீட்டுக்கு வீடு அட்டைப்பெட்டி, காகிதம், பசை. நான் சிறுவனாக இருந்தபோது அம்மாவும் பக்கத்து வீட்டு மதினிமாரும் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்வார்கள். அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். "இல்லேன்னா பூச்சி தின்னுரும்டா" என்பார் அம்மா. கரப்பானுக்கு மாவுப் பசையும் ஒரு சாப்பாடு, அட்டையின் மடிப்பு ஒரு வீடு. இது அந்தத் தாய்மார்களுக்குப் புத்தகம் படிக்காமலே தெரிந்திருந்தது.

இப்போது தீக்குச்சிக்கு வருவோம். 1830-களில் ஐரோப்பாவில் தீக்குச்சித் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் என்று சொல்வதும் இதையேதான். எங்கே உரசினாலும் பற்றும். ஆனால் அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888-இல் லண்டனில் பிரயன்ட் அண்டு மே தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இந்தக் கொடுமை ஊரறிந்த பேச்சானது. 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் அதற்கான சட்டம் 1913-இல் வந்தது.

நம் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-இல். அதாவது தடைச் சட்டம் வந்து பத்து ஆண்டுகள் கழித்து. ஆகவே நம் தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். சிவப்புப் பாஸ்பரஸ் வெள்ளையைப் போல விஷமல்ல. வேறு எத்தனையோ ஆபத்துகளைப் பார்த்த ஊர் இது. ஆனால் தாடை அழுகும் அந்த ஒரு நோயிலிருந்து நம் தொழிலாளிகளைக் காப்பாற்றியது யாரோ எங்கோ போராடி வாங்கிய தடைதான்.

தீப்பெட்டியிலிருந்து துரத்தப்பட்ட அந்த விஷம் எங்கே போனது? அடுப்படிக்கு. மஞ்சள் பாஸ்பரஸைப் பசையாக்கி எலிக்கும் கரப்பானுக்கும் விற்றார்கள். அமெரிக்காவில் 'ஸ்டெர்ன்ஸ் எலக்ட்ரிக் பேஸ்ட்' என்ற பெயரில் பல காலம் விற்ற பசை இதுதான். நம் ஊர்க் கடைகளில் எலிப் பசையாக ட்யூபில் கிடைத்ததும் இதே சரக்குதான். தொழிற்சாலையில் ஆகாது என்று உலகமே ஒதுக்கிய ஒன்றை நாம் ரொட்டியில் தடவி வீட்டுக்குள் வைத்தோம்.

நானும் வைத்தேன். அதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன்.

அப்போது எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய். எலித் தொல்லை, கரப்பான் தொல்லை இரண்டும் சேர்ந்திருந்த மழைக்காலம். ஒரு ராத்திரி தேங்காய்ச் சில்லில் பசையைத் தடவி அடுப்புக்குப் பின்னால் வைத்தேன். நாய் வெளியேதானே படுக்கிறது என்ற நினைப்பு. காலையில் சில்லைக் காணோம். மணி வாந்தி எடுத்தது. விஷ முறிவு என்று யாரோ சொல்ல, பால் கொடுத்தோம். மறுநாள் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. "பிழைச்சிருச்சு" என்று பிள்ளைகள் குதித்தார்கள். நான்காம் நாள் கண் மஞ்சளாகிப் படுத்தது, எழுந்திருக்கவில்லை.

பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மஞ்சள் பாஸ்பரஸின் சூழ்ச்சியே அதுதான். முதலில் வாந்தி, பிறகு நலமானதுபோல ஓரிரு நாள், அதற்குள் ஈரல் கெட்டுவிடும். மாற்று மருந்து கிடையாது. பாலில் இருக்கும் கொழுப்பு விஷத்தை உடம்பில் இன்னும் சேர்க்கும். வகுப்பில் அறிவியல் நடத்திய வாத்தியாருக்கு இது தெரிந்திருக்கவில்லை. மனிதர்களையும் இந்தப் பசை நிறையக் கொன்றிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசும் அண்மை ஆண்டுகளில் இந்தப் பசைக்குத் தடை விதித்தது. பழைய ட்யூப் பரணில் கிடந்தால் தயவுசெய்து வைத்திருக்காதீர்கள்.

சரி, வேறு வீரியமான மருந்து இல்லையா? இருந்தது. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசே கிடைத்தது. குளோர்டேன் வந்தது. ஆனால் 1950-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் சின்னக் கரப்பான்கள் குளோர்டேனுக்குச் சாகாமல் நடமாடின. ஒவ்வொரு மருந்திலும் தப்பிய சில கரப்பான்கள் குட்டி போட்டு, அந்த மருந்துக்குச் சாகாத கூட்டமாகிவிடும். கரப்பான் விஷத்துக்குப் பழகும். நாயும் பூனையும் குழந்தையும் பழகாது. இந்த வரலாறு எனக்குச் சொன்ன பாடம் இதுதான். அதனால்தான் "ஸ்ட்ராங்கான மருந்து" என்றாலே எனக்குப் பயம்.

அந்த மாணவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சாப்பாட்டை நிறுத்துங்கள். நாய்க்கு வைத்த சோறு, தீவனம் மிச்சமிருந்தால் ராத்திரி எடுத்து மூடிவிடுங்கள். அது கரப்பானுக்கு விருந்து. தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு நாய் தாங்காது. கிண்ணத்தை அடுப்படியில் வைக்காமல் வராந்தாவில் வையுங்கள். தொட்டிக் குழாய் ஒழுகினால் சரிசெய்யுங்கள். படுக்கப் போகும்முன் தொட்டியைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்து வீட்டை எடுத்துவிடுங்கள். தேவையில்லாத அட்டைப்பெட்டி, பழைய காலண்டர் கட்டு எல்லாம் வெளியே போகட்டும். சுவர் விரிசலை வெள்ளைச் சிமெண்டால் அடையுங்கள்.

அதன் பிறகுதான் மருந்து. போரிக் ஆசிட் பவுடர் ஒரு ஸ்பூன், சீனி ஒரு ஸ்பூன், மைதா இரண்டு ஸ்பூன். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டுங்கள். கேரம் போர்டில் தூவும் பவுடர் பெரும்பாலும் இதே போரிக் ஆசிட்தான். பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கும் அது தெரிந்த சரக்கு. அமெரிக்காவில் 1948-இலேயே பூச்சிமருந்தாகப் பதிவானது. மெதுவாகத்தான் வேலை செய்யும், பல நாள் ஆகும். அவசரப்படாதீர்கள். முட்டைப் பை பொரிந்து குஞ்சு வரும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடியும் வைக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். இதுவும் விஷம்தான், வீரியம் குறைவு, அவ்வளவுதான். குட்டி நாய் நாலைந்து உருண்டையைத் தின்றால் வாந்தி, பேதி வரும். ஆகவே மூக்கு நுழையாத இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கதவு பூட்டிய அலமாரிக்குள், சிறு ஓட்டை போட்ட மூடி டப்பாவுக்குள். மிச்சப் பவுடரை உப்பு, சீனி டப்பா பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். கடையில் விற்கும் கரப்பான் ஜெல்லையும் இப்படியே இடுக்கில் பொட்டு வைப்பதுபோல வைக்கலாம்.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பெர்மெத்ரின் போன்ற மருந்துகளைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. தரையில் அடித்தது ரோமத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போகும். ஸ்பிரே, கரப்பான் சாக்பீஸ் வாங்கும்முன் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பாச்சை உருண்டையும் நாய், பூனைக்கு ஆகாது. அடுப்பு எரியும்போது ஸ்பிரே அடிக்கவே கூடாது. தீயைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தப்பித்தவறி எதையாவது தின்றுவிட்டால் பால், முட்டை, உப்புத் தண்ணீர் என்று வீட்டு வைத்தியம் வேண்டாம். மருந்து அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். "தேறிருச்சே" என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

நேற்று அந்த மாணவர் போன் செய்தார். டப்பாவில் ஓட்டை போட்டு, உருண்டை வைத்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளிவிட்டாராம். குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம். "நீங்களே ஒரு பேர் சொல்லுங்க சார்" என்றார்.

மணி என்றேன்.