கூட்டம் வளர்த்த கழகங்கள்

ஒரு கால்பந்தாட்டக் கழகத்தின் வாழ்வும் தாழ்வும் எதனைப் பொறுத்தவை? ஆடுவோரின் திறமையையும், பயிற்றுவிப்போரின் அறிவையும், செலவிடுவோரின் பொருளையும் பொறுத்தவை என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். ஆயினும் பந்தைக் காலால் தொடாதவரும் பரிசில் பங்கு பெறாதவருமான ஒரு சாரார் உண்டு. அவர்கள் எல்லைக் கோட்டிற்கு வெளியே நின்று பார்க்கும் மக்கள். கழகங்களின் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் யாது என்பதை ஆராய விரும்புவோர் இந்திய நாட்டில் செல்லவேண்டிய இடம் ஒன்றே. அது இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரின் மைதானம்.

வில்லியம் கோட்டையைச் சூழ்ந்து கிடக்கும் அப்பசும்புல் வெளி இராணுவத்திற்குச் சொந்தமானது. ஆகவே, அங்கே நிலையான பெருங்கட்டடம் எழுப்ப எந்தக் கழகத்திற்கும் உரிமை இருந்ததில்லை. கழகங்களின் இருப்பிடங்களுக்குக் 'கூடாரம்' என்னும் பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது அதனாலேயாம். மண்ணில் உரிமையற்ற அக்கழகங்கள் வேரூன்றிய நிலம் மக்கள் கூட்டம் ஒன்றே எனலாம்.

அக்கூட்டத்தின் பேருரு முதன்முதலில் வெளிப்பட்ட நாள் 1911-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள். 1889-இல் தோன்றிய மோகன் பகான் கழகம் அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை எதிர்த்து நின்றது. வங்காளிகள் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலினர். ஆட்டத்தைக் காணச் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும், அசாமிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தனர். தனி இரயில் வண்டியும் விடப்பட்டது. வந்தோர் தொகையை அறுபதாயிரத்திற்கும் எண்பதாயிரத்திற்கும் இடையில் அக்காலச் செய்திகள் கணக்கிட்டன. அவர்களுள் பெரும்பாலோர் பந்தைக் கண்ணாலும் காண இயலாத தொலைவில் நின்றனர். கோல்களின் கணக்கைத் தாங்கிய காற்றாடிகள் வானில் பறக்கவிடப்பட, அவற்றை நோக்கியே அவர்கள் ஆட்டத்தை அறிந்தனர். சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்த கோல்களால் மோகன் பகான் 2-1 என வென்றது. வங்கப் பிரிவினையால் புண்பட்டிருந்த மக்களுக்கு அது வெறும் விளையாட்டு வெற்றியாகத் தோன்றவில்லை.

எனினும் ஓர் உண்மையை இங்கே கருதவேண்டும். அத்தகைய பெருங்கூட்டம் பின்னால் நின்றும் மோகன் பகான் கல்கத்தா லீக் பட்டத்தை முதன்முறை வெல்ல 1939 வரை காத்திருக்க நேர்ந்தது. கூட்டம் கழகத்திற்குப் பெயரைத் தரும். கோப்பையைத் தானே கொண்டுவந்து தராது. பெயர் பொருளாகவும், பொருள் திறமையாகவும் மாறும்போதே கோப்பை வருகிறது.

இம்மாற்றம் நிகழும் முறையை முதலில் காட்டியது முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம். 1891-இல் நிறுவப்பெற்ற அக்கழகம் நெடுங்காலம் சிறியதாகவே இருந்தது. 1930-களில் அது நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேர்ந்த ஆட்டக்காரர்களை வரவழைத்தது. பருவமழையில் சேறாகும் தரையில் வெறுங்கால் வழுக்கும் என்பதை உணர்ந்து தன் வீரர்களுக்குக் காலணி அணிவித்தது. 1934-இல் லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய அணி என்னும் புகழைப் பெற்று, 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அதனைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1940-இல் டெல்லியில் டூராண்டு கோப்பையையும் வென்றது. அதற்குமுன் எந்த இந்திய அணியும் அக்கோப்பையை வென்றதில்லை. ஒவ்வொரு வெற்றியும் வங்காளத்து முஸ்லிம் மக்களை மேலும் மேலும் மைதானத்திற்கு ஈர்த்தது. அவர்களின் ஆதரவு மேலும் வீரர்களை ஈர்த்தது.

ஆனால் 1947-இல் நாடு பிரிந்தது. அக்கழகத்தின் ஆதரவாளரிலும் ஆட்டக்காரரிலும் பலர் எல்லைக்கு அப்பால் சென்றனர். 1948-இல் ஒருமுறை பட்டம் வென்றபின், அடுத்த பட்டம் 1957-இல். அதற்கடுத்தவை 1967-இலும் 1981-இலும். அதன்பின் நாற்பதாண்டுகள் கழித்து 2021-இல் தான். ஒருகாலத்தில் ஆண்டுதோறும் வந்த வெற்றி பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தினராகியது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் மக்கள் கூட்டம் மெலிந்ததைப் பெருங்காரணமாகக் கொள்வது பிழையாகாது.

ஒரு கழகம் இழந்த அதே ஆண்டுகளில் மற்றொன்று பெற்றது. 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று கிழக்கு வங்கக் கழகம், அதாவது 'ஈஸ்ட் பெங்கால்', தோன்றியது. மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த வீரர் சைலேஷ் போஸ் அணியில் சேர்க்கப்படவில்லை. அதனால் மனம் வருந்திய சுரேஷ் சந்திர சௌதுரி ஜோராபகான் கழகத்திலிருந்து விலகி, பிறருடன் கூடி இதனை அமைத்தார். தலைநகரில் மதிப்புக் குறைவாக நடத்தப்பட்ட வெளியூரார் தமக்கெனக் கட்டிக்கொண்ட மனை அது.

பிரிவினைக்குப்பின் பல இலட்சம் மக்கள் கிழக்கு வங்கத்திலிருந்து வீடும் நிலமும் இழந்து கல்கத்தாவிற்கு வந்தனர். ஜாதவ்பூர், தம்தம் முதலிய பகுதிகளில் அகதிக் குடியிருப்புகள் எழுந்தன. டாக்காவும் பரிசாலும் மைமன்சிங்கும் அயல்நாட்டு ஊர்களாகிவிட்ட நிலையில், பிறந்த மண்ணின் பெயரைத் தாங்கிய ஒரு கழகம் அம்மக்களுக்குக் கிடைத்தது. 'பாங்கால்' எனப்பட்ட அவர்களுக்கும், 'கொட்டி' எனப்பட்ட மேற்கு வங்கப் பழங்குடிகளுக்கும் இருந்த வேற்றுமைகள் எல்லாம் ஆடுகளத்தில் வந்து கூடின. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அவர்கள் வீட்டில் இலிசா மீன் சமைக்கப்படும்; மோகன் பகான் வென்றால் எதிர்த்தரப்பார் வீட்டில் இறால். இவ்வழக்கம் இன்றும் வங்காளிகளின் பேச்சில் வாழ்கிறது.

அக்கூட்டம் அளித்த உறுப்பினர் கட்டணமும், அனுமதிச் சீட்டின் வருவாயும், அவற்றினும் மேலாக அது தந்த துணிவும் கழக நிருவாகிகளைத் தொலைதூரம் சென்று வீரர்களைத் தேடச் செய்தன. செயலாளர் ஜோதிஷ் குஹா இவ்வகையில் பெயர் பெற்றவர். வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், சாலே, அகமது கான் ஆகிய ஐவரும் ஒருங்கே முன்வரிசையில் ஆடினர். மக்கள் அவர்களைப் 'பஞ்ச பாண்டவர்' என்றழைத்தனர். ஐவரும் தென்னாட்டவர் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. 1949 முதல் 1951 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயமும், 1951, 1952-இல் டூராண்டு கோப்பையும் கழகத்திற்குக் கிடைத்தன. அகதிகளின் கழகத்திற்குக் கோல் அடித்தவர்கள் வங்காளிகளே அல்லர்! தம் மண்ணை இழந்து வந்த மக்கள், பிற மண்ணிலிருந்து வந்த வீரர்களைத் தம்மவராக ஏற்றனர்.

அவ்வழியில் பின்னர் வந்தவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1957-இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்தார். 1961-இல் கழகத்தின் தலைவராக நின்று லீக் பட்டத்தை வென்று தந்தார். அவருடன் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகம், பெங்களூரிலிருந்து வந்து மோகன் பகானுக்கு ஆடியவர். பலராம் ஆட்டத்தை விட்டபின்னும் வங்காளத்தை விடவில்லை. கங்கைக் கரையிலுள்ள உத்தர்பாராவிலேயே வாழ்ந்து, 2023-இல் மறைந்தார். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு அவர் வாழ்வு ஓர் அரிய எடுத்துக்காட்டு.

கூட்டத்தின் வலிமையை அறிய, கூட்டமில்லாக் கழகங்களின் கதையையும் நோக்கவேண்டும். ரஹீம் பயிற்றுவித்த ஐதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பக்வாராவின் ஜே.சி.டி. அணி 1996-97-இல் முதல் தேசிய லீக்கின் வாகையர். பம்பாயின் மகீந்திரா யுனைடெட் 2005-06-இல் அதே பட்டத்தைப் பெற்றது. திறமையில் இவை எவர்க்கும் இளைத்தவை அல்ல. ஆனால் மகீந்திரா யுனைடெட் 2010-இல் மூடப்பட்டது, ஜே.சி.டி. 2011-இல் கலைக்கப்பட்டது. நடத்திய நிறுவனம் கையை எடுத்தபோது, தாங்கிப் பிடிக்க வேறு கைகள் போதிய அளவில் இல்லை. ஈஸ்ட் பெங்காலோ 2003-04-இற்குப்பின் இருபதாண்டுகள் தேசிய லீக் பட்டம் காணாதிருந்தும், 2021-22-இல் பதினோர் அணிகளுள் கடைசியாக நின்றும், மறையவில்லை. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்று, பன்னிரண்டாண்டு வறட்சிக்குப்பின் ஒரு தேசியக் கோப்பையைப் பெற்றபோது, கொண்டாட மக்கள் திரள் ஆயத்தமாக இருந்தது. பட்டம் வென்ற அணி மறைவதும் தோற்ற அணி நிலைப்பதும் இவ்வேறுபாட்டினாலேயாம்.

இனி, கூட்டத்தின் ஆரவாரம் ஆட்டத்தின் முடிவையே மாற்றுமா என்னும் வினா எழலாம். 2020-இல் பெருந்தொற்றின் காரணமாக ஐரோப்பிய நாடுகளில் ஆட்டங்கள் பார்வையாளரின்றி நடைபெற்றன. அவற்றை ஆராய்ந்தோர், சொந்த ஊர் அணிக்கு வழக்கமாகக் கிட்டும் ஆதாயம் குறைந்ததையும், வெளியூர் அணிக்கு நடுவர் காட்டும் எச்சரிக்கை அட்டைகள் குறைந்ததையும் கண்டனர். ஆரவாரம் ஆட்டக்காரரைவிட நடுவரையே மிகுதியாக அசைக்கிறது போலும்! கல்கத்தாவிலோ இருபெருங் கழகங்களும் ஒரே ஊரின. இருபுறமும் ஆரவாரம் சமமாகவே எழும். 1997-ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று, கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதியைக் காணச் சால்ட் லேக் அரங்கில் 1,31,781 பேர் கூடினர். மோகன் பகானின் அமல் தத்தா வகுத்த புதிய வைர வியூகத்தைப் பற்றிய பேச்சே எங்கும் நிறைந்திருந்தது. பி.கே. பானர்ஜி பயிற்றுவித்த ஈஸ்ட் பெங்கால், பைசுங் பூட்டியாவின் மூன்று கோல்களுடன் 4-1 என வென்றது. இலட்சத்திற்கு மேற்பட்ட குரல்களிடையே முடிவு செய்தது ஒருவரின் கால்களே.

கூட்டத்திற்கு மற்றொரு முகமும் உண்டு; அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1975 செப்டம்பர் 30 அன்று கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 0-5 எனத் தோற்றபோது, அத்துயரைத் தாளாது ஓர் இளைஞர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் மோதியபோது, பார்வையாளரிடையே எழுந்த கைகலப்பிலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்க வீட்டை விட்டுச் சென்றவர் மாலையில் திரும்பவில்லை. அந்நாளை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் இரத்ததானம் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. பற்று எல்லை கடந்தால் கழகத்தின் பெருமையே அதன் பழியாக முடியும் என்பதை அந்நகரம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

அண்மைக் காலத்தில் கூட்டத்தின் வலிமை வேறொரு களத்தில் சோதிக்கப்பட்டது. கட்டணமும் சீட்டு வருவாயும் மட்டும் கொண்டு இன்றைய லீக்கில் ஆட இயலாது, பெருமுதல் வேண்டும். 2020-இல் மோகன் பகானின் கால்பந்து அணி ஏ.டி.கே. என்னும் அணியுடன் இணைக்கப்பட்டு, அதன் பெயரும் முன்னொட்டாக வந்தது. நூறாண்டுப் பெயருக்கு முன்னால் வேறு பெயர் நிற்பதை ஆதரவாளர் பலர் ஏற்கவில்லை. வெற்றிகள் வந்தும் எதிர்ப்பு ஓயவில்லை. 2023 மார்ச்சில் அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அன்றே, அம்முன்னொட்டு நீக்கப்படும் என்று உரிமையாளர் அறிவித்தார். 2021-இல் ஈஸ்ட் பெங்காலிலும் முதலீட்டு ஒப்பந்தம் உறுப்பினர் உரிமையைக் குறைக்கும் என்ற ஐயத்தால் கூடாரத்தின் முன் ஆர்ப்பாட்டம் எழுந்தது. பொருள் இட்டவர் ஒருபுறம், பற்று வைத்தவர் மறுபுறம் என நின்ற இவ்வழக்கு இன்னும் முற்றும் தீர்ந்துவிடவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளக்கூடிய முடிவு இது. கூட்டம் கோல் அடிப்பதில்லை. வலிய அணியை ஒருநாள் பொழுதில் மெலிய அணி வெல்ல அது உதவலாம், உதவாமலும் போகலாம். ஆனால் தோல்விகள் பலவற்றைத் தாங்கி, அடுத்த ஆண்டும் களத்தில் இறங்க ஒரு கழகத்திற்கு வேண்டிய உயிர் அதனிடமே இருக்கிறது. 1911-இல் பந்தைக் காணாமல் காற்றாடியைக் கண்டு நின்ற மக்களும், பின்னாளில் மைதானத்திற்குச் செல்ல இயலாமல் வானொலியில் அஜய் பாசுவின் வங்காள வருணனையைக் கேட்டு அமர்ந்திருந்த மக்களும் அக்கூட்டத்தில் அடங்குவர். ஊரை விட்டு வந்தவர்க்கு ஊர் என ஒன்று வேண்டும். கிழக்கு வங்கத்து அகதிகளுக்கு அது சிவப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு கொடியின் நிழலில் கிடைத்தது. அந்நிழலில் ஒரு தமிழ் வீரருக்கும் இடமிருந்தது.